கடைசி பெஞ்சு கண்ணுக்குத் தெரிகிற வகுப்பு

கும்பகோணத்தில் நான் கணக்கு டீச்சராக இருந்த மெட்ரிக் பள்ளியில், எட்டாம் வகுப்பு பி பிரிவில் அறுபத்து நான்கு பேர் படித்தார்கள். படித்தார்கள் என்பது சம்பிரதாயத்துக்குச் சொல்வது. உட்கார்ந்திருந்தார்கள் என்பதுகூட எல்லோருக்கும் பொருந்தாது. மூன்று பேருக்கான பெஞ்சில் ஐந்து பேர் இருந்ததால், ஓரத்துப் பிள்ளைகளுக்குப் பாதி உடம்புதான் பெஞ்சில். மீதி காற்றில். நோட்டில் எழுதும்போது ஒரு வரிசை முழுவதும் ஒரே சமயத்தில் கையை நகர்த்தவேண்டும், இல்லாவிட்டால் முழங்கை இடிக்கும். அந்த வகுப்பில் ஒரு இடதுகைக்காரி இருந்தாள். அவளைச் சுவரோரம் மாற்றி உட்கார வைத்தேன். தனிக்கவனம் என்ற பெயரில் அந்த வருடம் நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

அறையைக் கட்டியபோது நாற்பது பேருக்கு என்றுதான் கட்டியிருக்கவேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூன் மாதமும் யாராவது ஒரு அப்பா தாளாளரின் அறைக்குப் போய், "எப்படியாவது ஒரு எடம் பாத்துக் குடுங்க" என்று நிற்பார். தாளாளர் இளகிய மனசுக்காரர். யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். வெறுங்கையோடு வரவும் விடமாட்டார்.

நான்காவது வரிசைக்குப் பின்னால் நான் போனதில்லை. நடைபாதையில் புத்தகப் பைகள் அடுக்கிக் கிடக்கும். அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருமுறை வறுத்த வேர்க்கடலை வாசனை வந்தது. ஒருமுறை, நான் பரப்பளவு நடத்திக்கொண்டிருக்கையில், பின்பக்கம் மெல்லிய கைதட்டல் கேட்டது. எனக்கு அல்ல என்று தெரிந்ததால் திரும்பிப் பார்க்கவில்லை.

பாடம் நடத்த எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. நான் கத்துவேன், அவர்கள் திருப்பிக் கத்துவார்கள்.

"மைனஸ் இன்ட்டு மைனஸ்?"

"ப்ளஸ்ஸ்ஸ்."

ஜன்னல் கம்பி அதிரும். தலைமையாசிரியர் தாழ்வாரத்தில் நின்று கேட்டுவிட்டுத் திருப்தியோடு போவார். அந்தக் கோரஸில் யார் தெரிந்து சொல்கிறார்கள், யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆண்டு முடிவில் பெரும்பாலும் எல்லோரும் தேறிவிடுவார்கள். முதல் பெஞ்சுக்காரர்களின் படம் மெயின் ரோட்டில் ஃப்ளெக்ஸாக நிற்கும். அந்த முதல் பெஞ்சு, எனக்குப் பதிலாக ஒரு பீரோவை நிறுத்தியிருந்தாலும் அதே மார்க்கைத்தான் வாங்கியிருக்கும்.

ஆனால் நான் அப்போது அப்படி நினைக்கவில்லை. எனக்கு ஒரு கொள்கை இருந்தது. என் கையில் பதினைந்து, இருபது பேரைக் கொடுத்தால் உலகத்திலேயே சிறந்த டீச்சர் நான்தான் என்பது அந்தக் கொள்கை. அதை ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். மயிலாடுதுறை பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். வீட்டில் என் கணவரிடம் சாப்பாடு பரிமாறும்போதெல்லாம் சொன்னேன்.

என் கணவர் விவசாயி. அந்த வருடம் வேளாண்மைத் துறைக்காரர்கள் பேச்சைக் கேட்டு, சம்பாவுக்கு ஒற்றை நாற்றாக, அகலமாக இடம் விட்டு நட்டிருந்தார். இடம் விட்டால் ஒரே நாற்று பல கிளையாகத் தூர் கட்டும் என்று சொல்லியிருந்தார்கள். நட்டவர் களை எடுக்க ஆள் கிடைக்காமல் விட்டுவிட்டார். விட்ட இடமெல்லாம் கோரை முளைத்து, தூரத்திலிருந்து பார்த்தால் கோரைதான் சாகுபடி என்று தோன்றியது.

"எடம் விட்டா மட்டும் ஆவாது. எடுக்குற வேலைய எடுக்கணும்" என்றார் ஒரு நாள், சாப்பாட்டுக்கு நடுவில்.

"பிள்ளைங்களும் நாத்தும் ஒண்ணாங்க?"

"நான் வயலப் பத்தித்தான் சொன்னேன்."

மறுநாள் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாக விழுந்தது. தற்செயல்தான்.

என் கொள்கையைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு மாலத்தீவிலிருந்து வந்தது. எங்கள் பள்ளியிலிருந்து முன்பே அங்கே போயிருந்த ஒரு தோழி, அவள் இருக்கும் தீவுக்கு அடுத்த தீவில் கணக்கு டீச்சர் தேவை என்றாள். வீடியோவில் இன்டர்வியூ நடந்தது. "உங்கள் வகுப்பில் எத்தனை மாணவர்கள்?" என்று கேட்டார்கள். சொன்னேன். இணையம் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, அவர்கள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். பிறகு ஒருவர் மெதுவாக, "ஒரே அறையிலா?" என்று கேட்டார். வேலை கிடைத்துவிட்டது. மகன் அப்போது கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தான். கணவர், "போயிட்டு வா. மீன் நல்லா கெடைக்கும்" என்று அனுப்பிவைத்தார்.

ஸ்பீட் போட்டில் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு போய் அந்தத் தீவில் இறங்கினேன். இந்தக் கோடியில் நின்று கத்தினால் அந்தக் கோடியில் கேட்கும் அளவுக்கு ஒரு தீவு. என் எட்டாம் வகுப்பில் ஒன்பது பேர். ஆளுக்கு ஒரு மேசை, ஆளுக்கு ஒரு நாற்காலி. நடுவில் ஒரு மாட்டு வண்டியை ஓட்டிப்போகலாம் போல இடம். எனக்குக் கண் கலங்கியது. உலகத்திலேயே சிறந்த டீச்சர் வேலையை ஆரம்பித்தேன்.

ஆரம்பித்ததும் முன்னால் இருந்த இரண்டு பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து அறிவியல் டீச்சர் ஓடி வந்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை, முழு எண்கள் நடத்துகிறேன் என்றேன். அறுபத்து நான்கு பேருக்கு வளர்த்த தொண்டை அது. அதன் சத்தத்தைக் குறைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அதைவிட மோசம், பாடம் சீக்கிரம் தீர்ந்துபோனது. கும்பகோணத்தில் ஒரு பீரியடில் பாதி, உட்கார், பேசாதே, பையை எடு, யார் அது என்பதிலேயே போய்விடும். இங்கே அதெல்லாம் தேவைப்படவில்லை. நான் வைத்திருந்த மொத்தப் பாடமும் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட, மீதி நேரம் ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்த்தேன். வெளியே கடல் சத்தம்.

ஒரு நாள் வழக்கம்போல மைனஸ் இன்ட்டு மைனஸ் ப்ளஸ் என்று சொன்னேன். கோரஸ் வரவில்லை. ஒன்பது பேரை வைத்துக்கொண்டு கோரஸ் பாடினால் அது பஜனை மாதிரிதான் கேட்கும். ஒரு சிறுமி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் மிஸ்?" என்றாள்.

"அது விதி."

"சரி. ஏன்?"

எங்கள் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. ஆனாலும் அந்த "ஏன்" எனக்குத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கேட்க நினைத்தவர்கள் நான்காவது வரிசைக்குப் பின்னால் இருந்திருப்பார்கள். கூட்டத்துக்கு முன்னால் நின்று ஒன்றைத் தெரியாமல் இருப்பது ரொம்ப எளிது. ஒன்பது பேருக்கு முன்னால் முடியாது. அவள் பதில் வரும்வரை பென்சிலை எடுக்கவே இல்லை. மணி அடித்துத்தான் தப்பித்தேன்.

முதல் பருவத் தேர்வு வந்தது. என் ஒன்பது பேரில் பாதிக்கு மேல் சரியாகச் செய்யவில்லை. கும்பகோணத்துப் பி பிரிவை உட்கார வைத்திருந்தால் இதே வினாத்தாளில் இதைவிட நன்றாக எழுதியிருப்பார்கள் என்று தோன்றியது.

பள்ளியின் முதல்வர் அந்தத் தீவுக்காரர், சாதுவான மனிதர். என்னை அழைத்து டீ கொடுத்தார். "நீங்கள் நன்றாகப் பேசுகிறீர்கள்" என்றார். நன்றி சொன்னேன். "பிள்ளைகள் எப்போது பேசுவார்கள்?" என்று கேட்டார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பிக்கு போன் செய்தேன். அவன் மகளுக்கும் கிட்டத்தட்ட என் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான். கணக்கில் புலி.

"அவ கிளாஸ்ல எத்தனை பேருடா?"

"நாப்பதுக்கு ஒண்ணு ரெண்டு கம்மியா இருக்கும்க்கா."

"நாப்பதா? அப்ப எப்படிடா இவ்வளவு நல்லா வருது?"

"இங்க டீச்சருங்க நாள் பூரா கிளாஸ் எடுக்குறதில்ல. மிச்ச நேரத்துல நாலஞ்சு டீச்சரா உக்காந்து, இந்தப் பாடத்துல புள்ளைங்க எங்க முட்டும், அப்ப என்ன கேக்கலாம்னு முன்னாடியே பேசி வெச்சுக்குறாங்களாம். நோட்டும் ஒழுங்காத் திருத்தி வருது."

எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் நாங்கள் உட்கார்ந்து பேசியதெல்லாம் சேலையைப் பற்றியும் சம்பள உயர்வைப் பற்றியும்தான்.

"அப்ப எண்ணிக்கை ஒரு விஷயமே இல்லங்குற."

"அப்படியும் சொல்ல முடியாதுக்கா. சாயங்காலம் டியூஷன் போறா."

"அங்க எத்தனை பேரு?"

"அஞ்சு பேரு" என்றான்.

போனை வைத்துவிட்டு அந்தச் சிறுமியின் "ஏன்"-ஐ எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் கணக்கில் எம்.எஸ்ஸி. அந்தப் பட்டம் அன்றைக்கு எந்த உதவிக்கும் வரவில்லை. கடைசியில் ஒரு காகிதத்தில் மூன்று இன்ட்டு மைனஸ் இரண்டு என்று ஆரம்பித்து, அந்த மூன்றை இரண்டு, ஒன்று, சைபர் என்று ஒவ்வொன்றாகக் குறைத்துக் கீழே இறங்கினேன். மைனஸ் ஆறு, மைனஸ் நான்கு, மைனஸ் இரண்டு, சைபர். ஒவ்வொரு படிக்கும் விடை இரண்டு கூடுகிறது. அடுத்த படியில் மைனஸ் ஒன்று இன்ட்டு மைனஸ் இரண்டு. விடை இரண்டாகத்தான் இருந்தாகவேண்டும். எனக்கே சிலிர்த்துப்போனது.

நம் ஊர் போலத் திங்கட்கிழமை வரை காத்திருக்கவேண்டியதில்லை, அங்கே ஞாயிற்றுக்கிழமையே பள்ளி. அன்று போர்டில் அந்த வரிசையைச் சைபர் வரைக்கும் எழுதிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது பெரிய வதை. நீண்ட நேரம் கழித்து அந்தச் சிறுமி எழுந்து போய் சாக்கட்டியை எடுத்து அடுத்த வரியைத் தானே எழுதினாள். எழுதிவிட்டு மற்ற எட்டுப் பேரையும் பார்த்து அவர்கள் மொழியில் என்னவோ சொன்னாள். ஒரே வாக்குவாதம். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் சண்டை கணக்கைப் பற்றி என்று தெரிந்தது. வேலைக்கு வந்ததிலிருந்து அவ்வளவு நல்ல வகுப்பு எனக்கு அமைந்ததில்லை. அதில் நான் பேசவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார ஆரம்பித்தேன். உட்கார்ந்தால்தான் கை எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிகிறது. ஒரு பையன் எப்போதும் பக்கத்து மேசையைப் பார்த்தே எழுதிக்கொண்டிருந்தான். அவனுக்கு வகுத்தல் வரவில்லை. எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான், வகுத்தல் மட்டும் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. அந்த ஊரில் பெற்றோர் யாரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசவேண்டியதில்லை. மாலையில் கடற்கரைக்கு நடந்தால் எல்லா அப்பாக்களும் அங்கேதான். அவன் அப்பாவிடம் சொன்னேன். அவர் படகுக்காரர். மறுநாளிலிருந்து கொண்டுவந்த மீனைப் படகில் வந்தவர்களுக்குப் பங்கு பிரிக்கும் வேலையை மகனிடம் கொடுத்துவிட்டார். பையன் தப்பாகப் பிரித்தால் பங்கு குறைந்தவர்கள் சும்மா இருப்பார்களா. அவர்கள் எல்லோரும் சேர்ந்து, தங்கள் மீனைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, அவனுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்தார்கள். மீதி வந்தால் பூனைக்கு.

இரண்டாவது வருடம் என் வகுப்பு நன்றாக எழுதியது. இன்னும் இருந்திருப்பேன். அதற்குள் என் கணவர் டிராக்டரிலிருந்து இறங்கும்போது காலை முறித்துக்கொண்டார். ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

வந்த செய்தி எப்படியோ பழைய தாளாளருக்கு எட்டிவிட்டது. கால் கட்டுப் போட்ட மனிதரைப் பார்க்க ஆப்பிளோடு வீட்டுக்கே வந்தார். ஐந்து நிமிடம் காலைப் பற்றிப் பேசினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், பின்னாடி காலியா கெடந்த எடத்துல இன்டர்நேஷனல் பிரிவு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கோம். ஏசி ரூமு. ஒரு கிளாசுக்குப் பதினஞ்சே பேரு."

"பதினஞ்சா?"

"பதினஞ்சுதான். நீங்க ஃபாரின்ல அப்படித்தான நடத்துனீங்க? போர்டுல உங்க பேர போட்டுக்கலாமா?"

பெயர் வேண்டாம், வேலை வேண்டும் என்றேன். போய்ப் பார்த்தேன். சுவரில் வானவில். நாற்காலிகள் மஞ்சளும் பச்சையும். வாசலில் இருந்த ஃப்ளெக்ஸில் பொன்னிற முடியோடு ஆறு வெள்ளைக்காரக் குழந்தைகள் பூமி உருண்டையைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆறு பேரும் கும்பகோணத்துக்கு வந்ததில்லை. கீழே, "பதினைந்து பேர் மட்டுமே" என்று எழுதியிருந்தது.

எனக்கு எட்டாம் வகுப்பு கொடுத்தார்கள். மற்ற பாடங்களுக்குப் பழைய கட்டிடத்து ஆசிரியர்களே மாறி மாறி வந்தார்கள். அவர்களுக்கு மூச்சு வாங்க நேரமில்லை. அங்கே ஒரு பீரியட் முடித்துவிட்டு மைதானத்தைக் கடந்து இங்கே ஓடி வரவேண்டும். வந்தவர்கள் அங்கே நடத்தியதையே இங்கேயும் நடத்தினார்கள். அறிவியல் சார் சட்டைக் காலரில் மைக் குத்திக்கொண்டு, இடுப்பில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு பாடம் எடுப்பவர். பதினைந்து பேர் இருக்கும் மூடிய அறையிலும் அதைக் கழற்றவில்லை. ஒளிச்சேர்க்கை என்று அவர் சொன்னால் வானவில் உதிரும்.

"சார், மைக்க எடுத்துடலாமே" என்றேன்.

"இது இல்லாம எனக்குப் பாடம் வராது மேடம்."

அரையாண்டு வரை நானும் பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஊருக்கு வந்ததும் என் பழைய தொண்டை திரும்பி வந்துவிட்டது. போர்ஷனை முடிக்கச் சொல்லித் தலைமையாசிரியர் துரத்தினார். நவம்பரில் மழைக்கு விட்ட லீவு வேறு. அரையாண்டுத் தேர்வு இரண்டு கட்டிடத்துக்கும் ஒரே வினாத்தாள். மார்க் வந்தபோது, ஏசிக்கும் மின்விசிறிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சில பாடங்களில் மின்விசிறிக்காரர்களே மேல்.

பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். தாளாளர் நடுவில், தலைமையாசிரியர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு அப்பா முதலில் எழுந்தார். கடையில் பேரம் பேசிப் பழகிய குரல்.

"அந்தப் பக்கம் அறுவது பேருல எங்க அண்ணன் பையன் தொண்ணூறு வாங்குறான். இந்தப் பக்கம் பதினஞ்சு பேருல என் பொண்ணு முப்பத்தெட்டு. ஏசி காத்துல மூளை ஒறஞ்சி போச்சுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் அவருக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாளாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம் ஃபாரின்ல இருந்தவங்க. அவங்க விளக்குவாங்க" என்று என்னைத் தள்ளிவிட்டார்.

எழுந்து நின்றேன். நல்லதாக ஏதாவது சொல்லிச் சமாளிக்கத்தான் நினைத்தேன். வாய் வேறு சொன்னது.

"சார், நாங்க நாற்காலியத்தான் கொறச்சிருக்கோம். பாடம் அதே பாடந்தான். அங்க சொல்லிக் குடுக்குறவங்கதான் இங்கயும் வர்றோம், அங்க சொல்ற மாதிரியேதான் சொல்றோம். கூட்டம் கம்மியா இருந்தா ஒவ்வொரு புள்ளைக்கும் எங்க இடிக்குதுன்னு பாக்கலாம். அந்த வேலைய நாங்க இன்னும் ஆரம்பிக்கல."

தாளாளர் முகம் செம்புப் பாத்திரம் போல ஆயிற்று. ஓரமாக நின்றிருந்த அறிவியல் சார் தன் ஸ்பீக்கரை அணைத்தார். எனக்கு வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு, கைப்பை எங்கே வைத்தோம் என்று தேடினேன்.

பாத்திரக்கடைக்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்ததும் தாளாளர் என்னை விட்டுவைத்தார். விலக்கினால் அந்தப் பதினைந்து அப்பாக்களும் பேசுவார்கள் என்பதுதான் காரணம். நான் கேட்டதைக் கொடுக்கவேண்டிய நிலைக்கும் வந்திருந்தார். எங்கள் பிரிவு ஆசிரியர்களுக்குத் தினமும் கடைசி பீரியட் வகுப்பு வேண்டாம், உட்கார்ந்து பேச விடுங்கள் என்று கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே விட்டார். முதல் வாரம் சேலையைப் பற்றித்தான் பேசினோம். இரண்டாவது வாரத்தில் பிள்ளைகளுக்கு வந்தோம். அறிவியல் சார் ஒரு நாள் மைக் இல்லாமல் போய்ப் பார்த்தார். வந்து, "அதுங்க பேசுது மேடம்" என்றார், செடி பேசியது போல.

நான் பாத்திரக்கடைக்காரரின் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்குக் கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் எல்லாம் வந்தன. ஆனால் வாக்கியக் கணக்கு வந்தால் கை நின்றுவிடும். ஒரு கணக்கைப் படிக்கச் சொன்னேன். படிக்கவில்லை. எண்களை மட்டும் பொறுக்கி எடுத்தாள்.

"இதுல என்ன கேட்ருக்காங்க?"

"பெருக்கணும் மிஸ்."

"எப்படித் தெரியும்?"

"ரெண்டு நம்பர் இருக்கு மிஸ். ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது."

அவளுக்கு ஆங்கில வாக்கியம் புரியவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து புரியவில்லை. அறுபது பேர் கோரஸில் ஒரு நொடி தாமதமாக வாயை அசைத்து, ஏழு வருடம் தாண்டி வந்துவிட்டாள். அப்படி வருவதற்கும் ஒரு திறமை வேண்டும். அவள் முட்டாள் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அவளும் ஒப்புக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து ஒவ்வொரு கணக்கையும் தமிழில் எனக்குக் கதை மாதிரிச் சொல்லவேண்டும், சொன்ன பிறகுதான் பேனாவைத் தொடலாம் என்று வைத்தேன். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு கதையில் வருகிறவர்களைத் திட்ட ஆரம்பித்தாள். "தொட்டில தண்ணி ஊத்திக்கிட்டே அடியில ஓட்டைய வேற தொறந்து விட்ருக்கான் மிஸ், இவனுக்கு வேற வேலை இல்லையா" என்றாள். அது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

எல்லோருக்கும் இப்படி நடந்தது என்று சொன்னால் பொய். முன்பே நன்றாகப் படித்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஒரு பையன் என்னிடம் வந்து, "மிஸ், என்னப் பழையபடி பி-க்கே மாத்திவிடச் சொல்லுங்க" என்றான். ஏன் என்று கேட்டேன். "இங்க போட்டிக்கு ஆளே இல்ல. போரடிக்குது." மாற்றிவிட்டோம். அங்கே போய் ஐந்து பேர் பெஞ்சில் பாதி உடம்பைக் காற்றில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக முதல் மார்க் வாங்கினான்.

பி பிரிவுக்கு அப்போது கணக்கு எடுத்தவள் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். கெட்டிக்காரி. என்னை அக்கா என்பாள். "ஒங்க கிளாஸ்ல பண்றத என் கிளாஸ்ல ஒரு நாள் பண்ணிக் காமிங்கக்கா" என்று கேட்டாள். பெருமையோடு போனேன். மாலத்தீவில் எழுதிய அதே மைனஸ் வரிசையைப் போர்டில் எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுமே முதல் பெஞ்சு விடையைக் கத்திவிட்டது. பின்னால் இருப்பவர்கள் இன்னும் போர்டையே பார்க்கவில்லை. ஐந்தாவது வரிசையில் ஒருத்தியைக் கேட்டேன். அவள் என்னவோ சொன்னாள், கேட்கவில்லை. கிட்டே போகப் பார்த்தேன். பையில் கால் மாட்டியது. கொஞ்ச நேரத்தில் நான் போர்டுக்கே திரும்பி வந்து, "மைனஸ் இன்ட்டு மைனஸ்?" என்று கத்திக்கொண்டிருந்தேன். புது டீச்சர் வாசலில் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன்" என்றேன். சாக்கட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு என் கட்டிடத்துக்கு நடந்தேன்.

ஆண்டுத் தேர்வில் பாத்திரக்கடைக்காரரின் மகள் எழுபத்தொன்று வாங்கினாள். அண்ணன் மகன் தொண்ணூற்றிரண்டு. ஆனால் தொண்ணூற்றிரண்டைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. அவர் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், குடம் வாங்க வந்தவர்கள் கரண்டி வாங்க வந்தவர்கள் எல்லோரிடமும், சின்ன வகுப்பின் மகிமையைச் சொல்லியிருக்கிறார். விளைவு ஜூன் மாதம் தெரிந்தது. தாளாளர் அறை வாசலில் கூட்டம்.

என்னைக் கூப்பிட்டார். "மேடம், இருபதுன்னு வெச்சுக்குவோம். பதினஞ்சுக்கும் இருபதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?"

அடுத்த வாரம், "இருபத்தஞ்சு" என்றார். வாசல் ஃப்ளெக்ஸில் பதினைந்து என்ற எண்ணின் மேல் ஒரு மஞ்சள் நட்சத்திரத்தை ஒட்டினார்கள். பள்ளி திறந்தபோது என் வகுப்பில் முப்பத்து நான்கு பேர் இருந்தார்கள். கூடுதல் நாற்காலிகள் கல்யாண மண்டபத்திலிருந்து வந்தவை.

நேராகத் தாளாளர் அறைக்குப் போனேன்.

"சார், ஒண்ணு ஆளைக் கொறைங்க. இல்லைன்னா இன்னொரு டீச்சரைக் குடுங்க. ரெண்டும் இல்லைன்னா அடுத்த கூட்டத்துலயும் நான் எந்திரிச்சுப் பேசுவேன்."

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். "ஒரே கிளாஸ்ல ரெண்டு டீச்சரா? யாரு மேடம் அப்படிப் பண்ணுவா?"

"யாரும் பண்றதில்ல. அதனாலதான் ஃப்ளெக்ஸ்ல போட நல்லா இருக்கும்."

அவர் அதை யோசித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அந்தப் புது டீச்சரைக் கேட்டேன், கொடுத்தார். பி பிரிவுக்கு வேறொருவரைப் பிடித்துப் போட்டார். அந்தப் பாவம் எங்கள் இருவர் கணக்கிலும்தான்.

இப்போது நாங்கள் இரண்டு பேரும் அந்த முப்பத்து நான்கு பேரோடு ஒரே அறையில் இருக்கிறோம். ஒருத்தி போர்டில் நின்றால் மற்றவள் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். முதல் மாதம் எங்களுக்குள் நான்கு சண்டை. நான் அதிகம் பேசுகிறேன் என்கிறாள். அவள் விடையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறாள் என்கிறேன். பிள்ளைகள் அதற்குள் எங்களைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். நான் நீயே யோசி என்று விரட்டினால், அறையின் அந்தக் கோடிக்கு நடந்து போய் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். நேற்று ஒருத்தன் அப்படிப் போய்விட்டு, வழியில் என்னைக் கடக்கும்போது, "அவங்க நல்ல டீச்சர் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனான்.